கூடு வாங்க வந்தவர்கள்

கோழிகள் கூட்டை விட்டு வெளியே வந்து இருபது நாளாகிவிட்டது. கூடுகள்தான் வளவை விட்டுப் போகமாட்டோம் என்று அடம்பிடித்தன.

கப்பல்துறையில் கண்டி வீதியோரம் சஞ்சீவனின் வளவில் எழுபத்தைந்து கம்பிக்கூடுகள் அடுக்கிக் கிடந்தன. வியாழக்கிழமை காலை நிலாவெளி ஹோட்டலில் இருந்து ஆள் வருகிறது. கூட்டில் அடைக்காத கோழியின் முட்டைதான் வேண்டும், வளவில் ஒரு கூட்டைக் கண்டாலும் பேச்சில்லை என்று ஹோட்டல்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். திரிகிற கோழிக்குச் செலவு அதிகம். ஹோட்டல் முட்டையை எடுக்காவிட்டால் முந்நூறு கோழிகளும் மறுபடி கம்பிக்குள் போக வேண்டியதுதான். அதை நினைத்தால் சஞ்சீவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் கோழிகளைத் திறந்துவிட்டது அவனில்லை, அவன் மனைவி சோபனா. ஒருநாள் ஒரு கோழியைத் தூக்கப் போனவள், அதன் கால்நகம் வளர்ந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டாள். நகத்தை வெட்டிக் கோழியை விடுவித்தாள். அன்றைக்கே மற்றக் கதவுகளையும் திறக்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் நாள் கோழிகள் மண்ணைக் கண்டு திகைத்து நின்றன. மூன்றாம் நாள் கண்ணை மூடிப் புழுதியில் விழுந்து காலை உதறின. கோழியெல்லாம் சாகுது என்று சஞ்சீவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினான். அவர் வந்து பார்த்துவிட்டு, சாகவில்லை, குளிக்கின்றன என்றார். கோழி புழுதியில்தான் குளிக்கும் என்பது பதினொரு வருஷம் கோழி வளர்த்த மனிதனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அந்தக் குளிப்பை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தான். சோபனாவுக்கு இருக்கிற தைரியம் நமக்கு வரவே வராது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

கூடுகளை விற்கச் சோபனா ஒரேயொரு நிபந்தனை வைத்தாள். உயிருள்ள எதையும் அதற்குள் அடைக்காத ஆளுக்குத்தான் கொடுக்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் என்ன என்று சஞ்சீவன் கேட்டான். கடைக்காரன் அதை அப்படியே இன்னொரு பண்ணைக்கு விற்றுவிடுவான், ஏலாது என்றாள். விளம்பரம் கொடுத்திருக்கிறேன், ஆட்கள் வருவார்கள், நீங்கள் பேசாமல் இருங்கோ என்றும் சொன்னாள்.

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். திங்கட்கிழமை குறிஞ்சாக்கேணியிலிருந்து ஸெய்னுதீன் வந்தார். தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக மரியாதையான மனிதர். இருபது கூடு வேண்டும் என்றார்.

"என்னத்துக்கு நானா?" என்றாள் சோபனா.

சஞ்சீவன் அவள் பின்னால் நின்று ஸெய்னுதீனுக்குக் கண்ணைக் காட்டினான், இருமினான், தலையை ஆட்டினான்.

"கோழிக்குத்தான் தங்கச்சி. கூட்டுக்குள்ள வேறென்னத்த வைக்கிற?"

சோபனா கோபப்படவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் புறப்படுவது போல, உங்கட இடத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். ஊரூராகக் கோழித்தீன் விநியோகிக்கிற ஸப்வானின் லொறி வாசலில் நின்றது. எல்லோரும் அதிலேயே ஏறினார்கள்.

குறிஞ்சாக்கேணியில் அவள் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. ஒரேயொரு கோழியைக் கீழே இறக்கிவிடுங்கோ, அது போதும் என்றாள். இறக்கிவிட்ட கோழி அரை மணித்தியாலம் அசையாமல் குந்தியிருந்தது. பிறகு ஒரு காலை எடுத்து மண்ணைக் கிண்டியது. ஒரு புழு வந்தது. கொத்தி விழுங்கிவிட்டு, இன்னும் பலமாகக் கிண்டியது.

ஸெய்னுதீன் தாடியைத் தடவிக்கொண்டு கோழிக்குக் கிட்டப் போய்க் குந்தினார்.

"ஒன்றரை வருஷமா என்ட வீட்டில நிக்குது" என்றார். "இதுக்கு இது தெரியுமெண்டு எனக்குத் தெரியாது."

மற்றதையும் விடுங்க என்று குசினிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. அசர் தொழுகை நேரத்துக்குள் எல்லாக் கோழியும் நிலத்தில் நின்றன. அதோடு வெறுங்கூடு நாற்பது கிடந்தது. கோழி நடக்க இடம் வேண்டுமே. லொறி வெறுமையாகத்தானே திரும்புகிறது, அதில் ஏற்றிவிடலாம் என்றாள் சோபனா. ஹோட்டல் சம்மதித்தால் உங்கள் முட்டையும் எங்களோடு போகட்டும் என்று ஸெய்னுதீனுக்கு வாக்கும் கொடுத்தாள்.

கூடு விற்கப் போன சஞ்சீவன் நூற்றுப் பதினைந்து கூட்டோடு வீடு வந்து சேர்ந்தான்.

அடுத்தவரைத் தானே கையாள்வது என்று முடிவெடுத்தான். செவ்வாய்க்கிழமை திரியாயிலிருந்து சின்னராசா வந்தபோது, சந்தியிலேயே மறித்துப் பாடம் சொல்லிக்கொடுத்தான். கோழி என்ற பேச்சே எடுக்கக்கூடாது. மிளகாய்க் கன்றை ஆடு மேயாமல் மூடி வைக்கத்தான் கூடு. சின்னராசாவும் மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சோபனா மிளகாய்க் கதையைப் பொறுமையாகக் கேட்டாள். நல்லது அண்ணை என்றாள்.

"நாளொண்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"நூத்தியெண்பது முட்டை" என்றார் சின்னராசா, பழக்கதோஷத்தில்.

பிறகென்ன, தேத்தண்ணி, லொறி, திரியாய். சின்னராசாவின் கோழி குந்தியிருக்கவே இல்லை. இறக்கிவிட்ட கையோடு செட்டையை விரித்துக்கொண்டு ஓடியது. அவர் சிறுபிள்ளை மாதிரிக் கைதட்டினார். அவருடைய ஐம்பத்தைந்தும் சேர்ந்து, புதன்கிழமை மாலை கப்பல்துறை வளவில் நூற்றெழுபது கூடுகள் நின்றன.

இப்போது மூன்று வீட்டுக் கோழிகளின் விதி ஒரு வியாழக்கிழமையில் தொங்கியது. சோபனாவோ வியாழன் விடிந்ததும், ஸெய்னுதீனையும் சின்னராசாவையும் கூட்டிவருகிறேன் என்று லொறியில் போய்விட்டாள்.

தனியே நின்ற சஞ்சீவன் துணிந்து இறங்கினான். அத்தனை கூட்டையும் வீட்டுக்குள் தூக்கிப் போட்டான். அறை நிறைந்தது. குசினி நிறைந்தது. அலுமாரிக்கு மேலும் கட்டிலுக்குக் கீழும் நிறைந்தது. கடைசி அடுக்கை விறாந்தைப் பக்கம் வைத்துத் திரும்பியபோதுதான், தான் சுவருக்கும் கூட்டுக்கும் நடுவே அகப்பட்டிருப்பது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் வாகனம் நின்றது.

ஹோட்டலில் இருந்து வந்தவள் றிஷானா என்ற இளம்பெண். வளவைச் சுற்றி வந்தாள். கோழிகள் கிண்டின, குளித்தன, அவளுடைய சப்பாத்தைக் கொத்திப் பார்த்தன. வீட்டுக்காரர் இல்லையா என்று கதவைத் தள்ளினாள். கம்பிகளுக்குப் பின்னால் வியர்வை வழிய ஒரு முகம் நின்றது.

"கோழியெல்லாம் வெளியில நிக்குது. நீங்கள் ஏன் கூட்டுக்குள்ள நிக்கிறீங்கள்?"

பொய் சொல்லச் சஞ்சீவனுக்கு வாய் வரவில்லை. கால்நகம் தொடங்கி நூற்றெண்பது முட்டை வரை முழுக் கதையையும் கம்பிக்குள் நின்றபடியே சொல்லி முடித்தான். குற்றமெல்லாம் என்னுடையது, கோழிகளைத் தண்டித்துவிடாதேங்கோ என்று கண்கலங்கக் கேட்டான்.

அதற்குள் லொறி வந்துவிட்டது. ஸெய்னுதீன் இறங்கி, உள்ளே கிடப்பதில் தொண்ணூற்றைந்து எங்கள் இரண்டு பேருடையது மகளே, இனி அது எங்களுக்குத் தேவையில்லை என்றார். சின்னராசா தலையாட்டிக்கொண்டே முன்னடுக்கை நகர்த்திச் சஞ்சீவனை வெளியே எடுத்தார்.

ஹோட்டலுக்கு ஒரு வீட்டு முட்டை காணாது, அதனால் மாட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன், மூன்று வீடும் சேர்ந்தால் சரிவரும் என்றாள் றிஷானா. குறிஞ்சாக்கேணிக்கும் திரியாய்க்கும் அன்றைக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள். பொழுதுபடுவதற்குள் கூடுகள் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

அவள் போனதும் சோபனா ஸப்வானிடம் லொறியை எடுக்கச் சொன்னாள். கூடுகளை வெளியே இழுத்து வரிசையாகக் கிடத்தினார்கள். ஸப்வான் முன்னும் பின்னுமாக ஓட்டினான். நூற்றெழுபதும் தட்டையாகின. இனி இரும்புக் கடைக்குப் போகலாம், ஒரு எலியைக்கூட அடைக்க ஏலாது என்று சொல்லிவிட்டு அவள் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

சஞ்சீவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லொறிக்குப் பக்கத்தில் வந்தான். இந்த யோசனை திங்கட்கிழமையே வந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாடு இல்லையே என்று ஸப்வானிடம் குறைப்பட்டான்.

"நான் முதல் நாளே நசுக்குவம் எண்டுதான் சொன்னனான் அண்ணன்" என்றான் ஸப்வான். "விளம்பரமெல்லாம் ஒண்டுமில்ல, நான் தீன் குடுக்கிற வீடுகளுக்கு மட்டும் போய், கூடு விக்கிறம் எண்டு சொல்லச் சொல்லி அனுப்பினதே அக்காதான், கூடு வாங்க வாற ஆள் ஆரு, கோழிய அடைச்சு வச்சிருக்கிற ஆள்தானே எண்டாங்க."