நடுப்புள்ளியில் நின்றவள்

மாகறல்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்பு மகள் ஷாரோனுக்கு, அம்மா மார்த்தாள் எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் சுகம். உன் கணித ஆராய்ச்சியும் உன் வயிறும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் டேனியல் மாமா பக்கத்தில் நின்று கேட்பான், அதனால்தான் கடிதம்.

போன விடுமுறையில் காலண்டர் தாளில் மூன்று புள்ளி வைத்து, அம்பு போட்டு, ‘க்விவர் மியூட்டேஷன்’ என்று விளக்கினாயே, புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு அதை அரிசி டப்பாவில் ஒட்டி வைத்தேன். இங்கே அந்த டேனியல், என் தம்பி, பெண்டாட்டி நிஷா வைத்த விரால் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “எங்க அக்கா கைருசி இதுல இல்ல” என்று சொல்லிவிட்டான். அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திருமுக்கூடலில் அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள். அவன் என்னிடம் புலம்புவான், நான் அவளுக்குப் போன் போட்டுப் புத்தி சொல்வேன், அந்தக் கோபத்தில் அவள் அவனுக்குப் போன் போட்டுத் திட்டுவாள். இப்படியே பிரிந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு அரிசி எடுக்கப் போனேன். டப்பாவில் அதே படம்! மூன்று அம்பு, வட்டமாக. நடுப்புள்ளி நான்.

உன் விதியைப் பிடித்தேன். நடுப்புள்ளி வழியாகச் சுற்றிப் போகும் பாதைக்கு ஒரு நேர் அம்பு போடு. அதற்கு எதிர் அம்பு இருந்தால் இரண்டையும் அழி. நடுப்புள்ளியைத் தொடும் அம்புகளைத் திருப்பு. தம்பியிடம், “இனிமே என்னாண்ட சொல்லாத, நேரா அவளாண்டயே பேசு” என்றேன். “இன்னாக்கா, நீயே இப்டி சொன்னா?” என்று முறைத்துக்கொண்டே அவளைப் போனில் கூப்பிட்டான். அதே நேரம் அவளும் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு போனும் பிஸி! இரண்டு அம்பும் அழிந்தன. மறுநாள் நான் பஸ் ஏறிப் போய், வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதைக் கேட்டேன். “ஒருநாள்கூட நல்லா கீதுன்னு சொன்னதில்ல அண்ணி” என்று அழுதாள். வந்து தம்பியைத் திட்டினேன். வெள்ளிக்கிழமை அவனே போய் அழைத்து வந்துவிட்டான்.

ஷாரோன், அதே மூன்று பேர்தான், அம்பின் திசைதான் வேறு. ஒரு படத்தைத் திருப்பித் திருப்பி இன்னொன்றை எட்ட முடிந்தால் இரண்டும் சமானம் என்றாயே, அப்படியானால் சண்டையும் சமாதானமும் ஒரே வகுப்பா? பாத்திரம் தேய்க்கையில் நினைத்தால் கை நின்றுவிடுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் புள்ளிகளையும் அம்புகளையும் காப்பாராக.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் தம்பி வந்து, “குழம்புல புளி தூக்கலா கீதுக்கா, நீ சொன்னா கேப்பா” என்றான். நானும் போய்ச் சொல்லித் தொலைத்தேன். நிஷா பையோடு போய்விட்டாள். போனில் அவனைத் திட்டுகிறாளாம். ஒரே புள்ளியில் இரண்டு முறை திருப்பினால் பழைய படமே வரும் என்று அன்றே சொன்னாய். உன் கணக்கு பொய்க்கவில்லை, மகளே. மூன்றாவது முறை திருப்புவதற்காகத் திருமுக்கூடல் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.