டாக்டர்களைப் பரிசோதித்த நம்பிராஜன்

நோயாளிகளில் இரண்டு இனம் உண்டு. டாக்டரிடம் போய்த் தங்களைப் பரிசோதித்துக்கொள்கிறவர்கள் ஒன்று. டாக்டரிடம் போய் டாக்டரைப் பரிசோதித்துவிட்டு வருகிறவர்கள் மற்றொன்று. முதல் இனத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாவம், கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுவிட்டுப் பிழைத்துப்போகிறார்கள். இரண்டாவது இனம் இருக்கிறதே, அது வீடு மாறும்போதுதான் வெளியே தெரியும். கேஸ் இணைப்பை மாற்றும், ஆதாரில் முகவரியை மாற்றும், பால்காரரையும் இஸ்திரிக்காரரையும் மூன்றே நாளில் மாற்றும். டாக்டரை மட்டும் மாற்றாது. கேட்டால், பெண் வீட்டார் கைவிரித்த மாப்பிள்ளையைப் போல ஒரு பெருமூச்சு விட்டு, "எங்க டாக்டர் மாதிரி வராதுங்க" என்று சொல்லும்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையென்றால் நம்பிராஜனைப் பாருங்கள்.

வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். வெளியிலிருந்து வரும் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. மற்றவர்களுக்கு இரண்டு நிறமும் ஒரே வேகத்தில் தீரும். நம்பிராஜனுக்குச் சிவப்பு வாரத்துக்கு ஒரு கட்டு. பச்சைக் கட்டு ஒன்று வாங்கினால் தீபாவளி வரைக்கும் வரும்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பதினான்கு வருஷம். அம்பத்தூரில் குடியிருந்தபோது வந்தது. அன்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நடுங்கியபோது, டாக்டர் வெங்கடேசன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்து, "எதுக்குய்யா பயப்படுறே? நான் செத்தா போயிட்டேன்?" என்று ஒரு அதட்டல் போட்டார். அவ்வளவுதான். நம்பிராஜன் அந்த அதட்டலுக்கு அடிமையாகிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவார், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுவார், திட்டு வாங்குவார், வீட்டுக்கு வந்து மனைவி சந்திரலேகாவிடம், "இன்னைக்கு செம ஏச்சு" என்று பரிசு வாங்கிய பையனைப் போலச் சொல்லுவார்.

போன வருஷம் கம்பெனி வல்லம் வடகாலுக்குப் போனது. கம்பெனி போனால் குடித்தனமும் போக வேண்டியதுதானே? ஒரகடத்தில் வீடு பிடித்தார்கள். காற்றோட்டம், தண்ணீர், கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும் வசதி, முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே வல்லக்கோட்டை. ஒரு குறையும் இல்லை, டாக்டர் தவிர.

டாக்டர்களே இல்லையா? ஏன் இல்லை! நம்பிராஜன் ஏழு மாதத்தில் நான்கு பேரைப் பார்த்தார். பார்த்தார் என்றால், பரிசோதித்தார். முதல் விதி: தனக்கு என்ன வியாதி என்று சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்களே!

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?"

"இருக்கும்னு நினைக்கீங்களா?"

இப்படிப் பத்து நிமிஷம் போனால் எந்த டாக்டருக்குத்தான் பிரஷர் வராது? நெடுஞ்சாலையோரப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார், சிவப்பு. குன்றத்தூர் டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் வயது இருபத்தெட்டுக்கு மேல் இருக்காது, சிவப்பு. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் வயதானவர், முகத்தைப் பார்த்தார், நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒன்றிலும் பிழையில்லை. ஆனால் கடைசிவரை 'வாங்க, போங்க, கண்ணா' என்றே கொஞ்சினார். திட்டத் தெரியாதவருக்கு வைத்தியம் எப்படித் தெரியும்? சிவப்பு. நான்காமவர் புதிதாக ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். புதுப் பரிசோதனை எடுத்தால் புதிதாக ஏதாவது வந்துவிடுமே! அந்தச் சீட்டை நம்பிராஜன் ஆஸ்பத்திரி வாசலிலேயே தொலைத்துவிட்டார்.

உள்ளுக்குள் அவருக்குப் பயம், அவ்வளவுதான். பதினான்கு வருஷக் கதையை இன்னொருவரிடம் முதலிலிருந்து சொன்னால், அந்த இன்னொருவர் நடுவில் நிமிர்ந்து, "அடடா" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அம்பத்தூருக்கே போகலாமென்றால் மூன்று பஸ் மாற வேண்டும், 'அடுத்த மாசம்' என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஆக, அங்கே எழுதிக் கொடுத்த மாத்திரையே ஒரகடத்திலும் தொடர்ந்தது. மாத்திரை பழையது, வாழ்க்கை புதியது. அம்பத்தூரில் எட்டு மணிக்கு மாத்திரை, எட்டரைக்கு இட்லி. இங்கே முதல் ஷிஃப்ட். காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மாத்திரையைப் போட்டுக்கொள்வார். கேன்டீனில் இட்லி வர எட்டேகால் ஆகும். "சாப்பாட்டுக்கு முன்னாலதானே போடச் சொல்லியிருக்கு? முன்னாலதான் போடுதேன்" என்பார்.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக் குழு தொழிற்சாலைக்கு வந்தது. தணிக்கை முடிகிறவரை யாரும் லைனை விட்டு நகரக்கூடாது, டிஃபன் பிறகு என்று உத்தரவு. மணி ஒன்பதைத் தாண்டியது. நம்பிராஜன் மேஜை முன்னால் நின்று பிரேக் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பெட்டிக்குப் பச்சை ஒட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாவது பெட்டிக்கும் பச்சை. மூன்றாவது பெட்டியைத் திறக்காமலே பச்சை. பிறகு மேஜைக்குப் பச்சை, தராசுக்குப் பச்சை, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவிக்கு மேலும் கீழுமாக இரண்டு பச்சை. முகத்தில் அப்படியொரு சிரிப்பு. வேர்வை சட்டையை நனைத்துக்கொண்டிருக்க, அவர் நடந்து போய், மேலாளருடன் பேசிக்கொண்டிருந்த தணிக்கை அதிகாரியின் முதுகில் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, தட்டியும் கொடுத்தார். "ஓகே. நல்ல சரக்கு."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யாக்கோபு வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். பக்கத்துக் கிராமத்துப் பையன். அவன் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அதனால் அவனுக்குப் புரிந்தது.

"சார், இன்னா ஆச்சு சார்? கையி இப்பிடி நடுங்குது! இந்தா, இந்தக் கடலை மிட்டாய வாயில போடு சார்."

"எனக்கு... இனிப்பு... ஆகாதுலே" என்றார் நம்பிராஜன், கண் செருக.

"ஆவும் சார், இப்ப அதுதான் ஆவும்! வாயத் தொற சார்! எங்கம்மாகூட இப்பிடித்தான் அடம் புடிக்கும்!"

மிட்டாயைத் திணித்து, கம்பெனி ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவன் நேரே போன இடம், ஒரகடம் சந்திப்பில் செல்போன் கடைக்கு மேல்மாடியிலிருக்கும் டாக்டர் சுகப்பிரியாவின் கிளினிக். அந்த அம்மாளுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. ஊசியில் குளுக்கோஸ் ஏறியது. கால்மணி நேரத்தில் நம்பிராஜனுக்கு உலகம் திரும்பி வந்தது. தலைமாட்டில் சந்திரலேகா நின்றுகொண்டிருந்தாள். சமையல்கட்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள் போல. கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"எந்த ஷிஃப்ட்?" என்றார் டாக்டர்.

நான்கு டாக்டர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. நம்பிராஜன் தன்னை மறந்து, ஐந்து மணி பஸ், எட்டேகால் இட்லி எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடின்னா எந்தச் சாப்பாட்டுக்கு? அடுத்த மாசம் வர்ற கல்யாணச் சாப்பாட்டுக்கா? மாத்திரையப் போட்டுட்டு மூணு மணி நேரம் வெறும் வயித்துல நிப்பீங்களா? படிச்சவர்தானே நீங்க? பத்து நாள்ல இந்த டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க. வரலைன்னா நானே கம்பெனிக்கு வருவேன்."

ஏச்சு! நல்ல, சுத்தமான, கலப்படமில்லாத ஏச்சு! நம்பிராஜனின் காதில் தேன் பாய்ந்தது. அதற்காக ஒத்துக்கொண்டுவிடுவாரா? இந்த இனத்துக்கு அது வழக்கமே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "டாக்டரம்மா பரவாயில்ல. ஆனா எதுக்கும் வெங்கடேசன் சாரை ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறி அம்பத்தூர் போய் இறங்கினார். அதே தெரு, அதே படி, அதே பச்சைத் திரை. உள்ளே நுழைந்து, பழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் மூச்சு வாங்குவது யாரென்று திரும்பினார். ஒரு நாய். அந்தப் பக்கம் இன்னொரு நாய். எதிரே கூடையில் பூனை.

வெங்கடேசன் டாக்டர் ஐந்து மாதம் முன்பே கிளினிக்கை மூடிவிட்டாராம். மகன் வீட்டோடு போய்விட்டாராம். இப்போது அங்கே கால்நடை மருத்துவர். எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நம்பிராஜன் எழுந்திருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: "உட்காரு! வாயை மூடு! காலைக் காட்டு! எத்தனை தடவை சொல்றது, பிஸ்கட் திங்காதேன்னு?"

நம்பிராஜன் அப்படியே நின்றுவிட்டார். என்ன குரல்! என்ன கண்டிப்பு! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், டோக்கன் வாங்கலாமா என்று யோசித்தார் என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

வெறுங்கையோடு திரும்பி நாய், பூனைக் கதையைச் சொன்னவரைச் சந்திரலேகா திட்டவில்லை. அவளும் கொஞ்சம் கத்தியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். தோசையை வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்குப் போன் வந்தப்ப, யாக்கோபுத் தம்பி 'அக்கா, பயப்படாதீங்க'ன்னுதான் மொதல்ல சொல்லுச்சு. அதைக் கேட்டதுமே எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இனிமே எனக்கு அப்படி ஒரு போன் வரக்கூடாது. யாரை வேணும்னாலும் பாருங்க. நாய் டாக்டரைக்கூடப் பாருங்க. ஆனா பாருங்க."

நம்பிராஜன் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டெஸ்ட் சீட்டைத் தேடிச் சட்டைப் பையில் எடுத்து வைத்தார். மறுநாள் காலையில் யாரும் நினைவூட்டாமலே ரத்தப் பரிசோதனைக்குப் போனார்.

பத்தாம் நாள், சுகப்பிரியாவின் கிளினிக். டோக்கன் ஒன்பது. எட்டாம் டோக்கனை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் முன்பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த பெண்மணியிடம் அலுத்துக்கொண்டிருந்தார். "ஆறு டாக்டரைப் பார்த்தாச்சும்மா. ஒருத்தனுக்கும் பிரஷர் பார்க்கத் தெரியலை. எங்க அம்பத்தூர்ல ராமசேஷன்னு ஒருத்தர் இருந்தார். அவர் மாதிரி வராது."

அந்தக் குரல்! நம்பிராஜன் துள்ளி எழுந்தார். "வெங்கடேசன் சார்!"

வெங்கடேசனேதான். மகன் குன்றத்தூரில் வீடு வாங்கியிருந்தான். மூக்குக்கண்ணாடிக்கு மேலே உற்றுப் பார்த்தார். "யாரு?"

"நம்பிராஜன் சார்! பதினாலு வருஷம் உங்ககிட்டதான சார் பார்த்தேன்!"

"முகம் பிடிபடலையே. செருப்பைக் கழட்டு."

கழற்றினார். வலது காலைத் தூக்கிக் காட்டினார். டாக்டரின் முகம் மலர்ந்தது. "அட, நம்பிராஜன்! இந்தக் கட்டைவிரல் நகத்தை மறப்பேனா!"

நம்பிராஜனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அங்கேயே ஃபைலைப் பிரித்து நீட்டினார். "சார், ஒரு தடவை பார்த்துருங்க சார். நீங்க சொல்லிட்டா போதும்."

"போய்யா. என் பிரஷரையே என்னால குறைக்க முடியலை. இந்தப் பொண்ணு எப்படி? திட்டுமா?"

"பிரமாதமா ஏசுதாங்க சார்."

"அப்படியா? எனக்கு என்ன வியாதின்னு நான் சொல்லப்போறதில்லை. அதுவே கண்டுபிடிக்கட்டும்."

கதவு திறந்தது. சுகப்பிரியா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். "எல்லாம் கேட்டுச்சு. எட்டும் ஒன்பதும் ஒண்ணா உள்ள வாங்க."

உள்ளே இருபது நிமிஷம். என்ன நடந்தது என்று வெளியிலிருந்தவர்களுக்குத் தெளிவாகவே கேட்டது. எட்டாம் டோக்கன் ஊறுகாயை விட வேண்டும், ஒன்பதாம் டோக்கன் மாத்திரையை இட்லித் தட்டு கைக்கு வந்தபிறகுதான் போட வேண்டும். புதுப் பரிசோதனையில் புதிதாக ஒன்று வந்துதான் இருந்தது: சிறுநீரகம் இலேசாக முனகத் தொடங்கியிருந்தது. "இப்ப வந்ததால பிடிச்சிட்டோம். இன்னும் ஒரு வருஷம் நீங்க டாக்டர் தேடியிருந்தா..." என்று சொல்லி, டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியத்தோடு நம்பிராஜன் வெங்கடேசன் பக்கம் திரும்பினார். வெங்கடேசன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து இருக்குய்யா. சொன்னதைக் கேளு" என்றார், கிட்டத்தட்ட கெஞ்சலாக.

கேட்டார். ஆறு மாதமாயிற்று, சர்க்கரை கட்டுக்குள் வந்தது, சிறுநீரகம் மேற்கொண்டு முனகவில்லை. முதல் ஞாயிறுதோறும் எட்டும் ஒன்பதும் சேர்ந்தே போகிறார்கள். சேர்ந்தே ஏச்சு வாங்கிக்கொண்டு, கீழே வந்து சர்க்கரையில்லாத டீ குடிக்கிறார்கள். கம்பெனியில் புதிதாகச் சேருகிற எவனாவது "எங்க ஊர் டாக்டர் மாதிரி வராது சார்" என்றால் நம்பிராஜனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "டாக்டர்னா சுகப்பிரியா. மத்தவங்கல்லாம் சும்மா" என்று பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார்.

எல்லாம் சுபம். ஒரே ஒரு சிக்கல். வரும் ஜூனில் டாக்டரம்மா மேல்படிப்புக்கு மதுரை போகிறாராம். அங்கேயே இருந்துவிட்டாலும் இருந்துவிடுவாராம். நம்பிராஜன் இப்போதே, ஒரகடத்திலிருந்து மதுரைக்கு எத்தனை மணிக்கு முதல் பஸ் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். சன்னலோர சீட் தனக்கு வேண்டும் என்று வெங்கடேசன் சொல்லி வைத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது சரி, இதை நீங்கள் எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஏதாவது டாக்டரின் வாசலில், டோக்கனோடு என்றால், ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்தி சன்னலுக்கு வெளியே பாருங்கள். அது நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர்தானா?