புனிதரின் கால்விரலில் உப்புப் பார்த்த கதை

எதையும் கண்ணால் கண்டவுடன் நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். வாயில் வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன். இந்தக் குணத்தால் ஒரு முழு யாத்திரைக் குழுவையே உப்புச் சுரங்கத்திலிருந்து வெளியேற்ற வைத்த பெருமை எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். மனைவி ஜெசி மன்னார்க் கத்தோலிக்கம். கோயிலில் தாலி கட்டி, சர்ச்சில் மோதிரம் மாற்றி எல்லாம் முடிந்த பிறகும் மாமி, ஜெசியின் அம்மா, என்னோடு பேசுவதில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே, "அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்று ஜெசியிடம் சொல்வார். இங்கிலாந்தில் நாங்கள் இருந்த ஸ்ட்ரெதமில் அவர்களுடைய சர்ச்சிலிருந்து போலந்துக்குக் கோச் பஸ்ஸில் யாத்திரை கிளம்பியபோது, நல்ல பெயர் எடுக்கலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். (இரண்டு நாள் கோச்சில் இருந்தால் நல்ல பெயர் வராது, கால் வீக்கம்தான் வரும்.)

கடைசி நாள் ஒரு பழைய உப்புச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். நூற்றுக்கணக்கான மரப்படிகள் இறங்கினால், நிலத்துக்கு அடியில் ஒரு முழுத் தேவாலயம். தரை, சுவர், பீடம், சிலைகள் எல்லாமே உப்பு என்றார் வழிகாட்டிப் பெண். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உப்பென்றால் வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? இது கருஞ்சாம்பல் நிறம். கல்லைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று ஜெசியின் காதில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னாள்.

மூடியிருக்கலாம். எல்லோரும் மேலே தொங்கிய உப்புப் பளிங்கு விளக்கை அண்ணாந்து பார்த்த நேரத்தில், மூலையில் நின்ற ஒரு புனிதரின் சிலைக்கு முன் குனிந்து, அவருடைய கால் பெருவிரலில் நாக்கை வைத்தேன்.

உப்புத்தான். கண்ணில் நீர் வரவைக்கிற உப்பு.

கலங்கிய கண்ணோடு நிமிர்ந்தால், எதிரில் மாமி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகன், நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன்."

சொல்லிவிட்டு முழந்தாளிட்டு அதே பாதத்தை முத்தமிட்டார். அதைப் பார்த்துப் பின்னால் நின்றவர் முத்தமிட்டார். பிறகு நாற்பது பேரும் வரிசை, கடைசியில் ஃபாதரும். வழிகாட்டிப் பெண் ஓடிவந்து, சிலையைத் தொடக்கூடாது என்று மூன்று மொழிகளில் சத்தம் போட்டார். பத்தாவது நிமிடம் காவலாளிகள் எங்களை லிப்டில் ஏற்றி வெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோச்சில் மாமி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்து, என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டார். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஒண்டும் வேண்டிக்கொள்ளேல்லை மாமி. உப்போ எண்டு நக்கிப் பாத்தனான்."

ஜெசி கண்ணை மூடிக்கொண்டாள். மாமி கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழும்பிப் போனார். ஜெர்மனி முழுவதும் ஒரு வார்த்தை இல்லை. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவருடைய தோள் குலுங்குவதைக் கண்டேன். அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், மூச்சு வாங்க, கைலேஞ்சியால் வாயைப் பொத்தியபடி.

"உண்மையா உப்போ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் மாமி. நல்ல உப்பு."

இப்போது மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டில் எந்தக் கறி அடுப்பிலிருந்து இறங்கினாலும் உப்புப் பார்க்க முதல் கரண்டி எனக்குத்தான் வரும். மற்றவர்கள் சோற்றுக் கோப்பையோடு காத்திருக்க, மாமி முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பார்:

"காணுமோ மகன், இல்லாட்டிப் புனிதர்தான் திறமோ?"