வெள்ளைக் காரும் வேப்பமரத்துக் குழாயும்

காதுகளை இறுக மூடிக்கொண்டவன், தான் மெல்லப் பேசுவதாகவே நம்புகிறான். அந்த நம்பிக்கையில் நான் ஒரு திருமணத்தைக் கெடுக்க இருந்தேன். அதுவும் என் திருமணத்தை.

சாயல்குடிக்கு அருகில் எங்கள் வீட்டில் அக்காள் மகனுக்குக் காதுகுத்து. அன்றே பந்திக்கு வந்து, மாப்பிள்ளையையும் வீட்டையும் பார்த்துப் போவதாகப் பக்கத்துச் சிக்கல் ஊரிலிருந்து பெண்வீட்டார் சொல்லியிருந்தனர். மாப்பிள்ளை நான், கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். ‘பையன் அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார்’ என்று தரகர் உறுதி அளித்திருந்தார். (வகுப்பறையில் உண்மை. கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடும்போது என் வாயில் வேறொருவன் குடியிருப்பான்.)

அந்த விளையாட்டில், எதிரியின் காலடியோசை எத்திசையிலிருந்து வருகிறது என்று கேட்பவனே பிழைப்பான். என் கணினியின் ஒலியோ, மூடிய குடத்துக்குள் கொசு பாடுவது போலிருக்கும். ஆகவே நாள்தோறும் முதலில் சாகிறவன் நானே. அன்று மைக்செட்காரர் முனியசாமி, ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் தம் மிக்சர் பெட்டியை என் அறையில் வைத்துவிட்டு, பாட்டை நிறுத்திச் சாப்பிடப் போயிருந்தார். பெண்வீட்டார் வர இன்னும் நேரமிருந்தது. ஒரே ஓர் ஆட்டம்!

கணினியை மிக்சரில் இணைத்தேன். தோழர்களோடு பேச அறிவிப்பு மைக்கை எடுத்துக்கொண்டேன். ஹெட்போனை மிக்சரின் துளையில் செருகினேன். கைப்பேசியில் ஹெட்போனைச் செருகினால் வெளியொலி நின்றுவிடும் அல்லவா? மிக்சரும் அவ்வண்ணமே ஒழுகும் என்று முடிவு செய்தேன். (என் அறிவியல் பத்தாம் வகுப்போடு விடைபெற்றது.) அது ஒழுகவில்லை. வேப்பமர உச்சியில் கட்டியிருந்த இரு குழாய் ஒலிபெருக்கிகளும் கண்மாய் வரைக்கும் போர் முழங்கின.

ஆகா, என்ன ஒலி! சருகு மிதிபடுவதுகூடக் கேட்டது. வாழ்வில் முதன்முறையாக எதிரி வருமுன்பே அறிந்து, மைக்கில் தோழர்களை எச்சரித்தேன்.

“வாராய்ங்க, வாராய்ங்க! வெள்ளக் காரு! உள்ள நாலு பேரு! கிட்ட வரட்டும்லே, ஒருத்தனும் உசுரோட திரும்பக் கூடாது!”

அதே நொடியில் பெண்வீட்டார் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தனர். வெள்ளைக் கார். உள்ளே நால்வர்.

அய்யா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) பாய்ந்து வந்து ஹெட்போனைப் பிடுங்கினார்.

“எடுபட்ட பயலே! சிக்கல்காரவுக காரத் திருப்பிட்டாகலே!”

வெளியே பந்தி கலைந்து கிடந்தது. என் தாய்மாமன் மேசைக்கடியில் பதுங்கியிருந்தார். இலையை மட்டும் விடவில்லை.

ஹெட்போனை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு (ஏன் என்று இன்றுவரை தெரியாது), வயர் வால்போல் பின்தொடர, ஓடினேன். நல்லவேளையாகக் கண்மாய்க்கரையில் ஓர் உப்பு லாரி காரை மறித்து நின்றது. கார்க் கண்ணாடி விரற்கடை அளவு இறங்கியது.

“ஐயா, அது மெய்ப்போர் அன்று, கணினி விளையாட்டு!”

“சத்தத்தக் கேட்டா வெளாட்டு மாதிரி இல்லையே தம்பி,” என்றார் பெண்ணின் தந்தை.

அருகில் பெண்ணின் தாய் கைப்பேசியில் மகளிடம் அலறிக்கொண்டிருந்தார். “ஏத்தா, இந்த எடம் வேணாம்த்தா! கேம் வெளாட்டாம், ‘காரு கிட்ட வரட்டும்’னு கொழாயில கத்துறாரு, ஊரே வெடிக்குது!”

மறுமுனையில் பெருஞ்சிரிப்பு. பிறகு ஸ்பீக்கரில் அவள் குரல்: “ஏங்க, ஓடுற காரு கிட்ட வரட்டும்னா காத்திருப்பாக? தூரத்துலயே டயரச் சுட வேணாமா?”

என் திருமணம் அந்தக் கேள்வியில் பிழைத்தது.

இன்றும் மாமனார் எங்கள் ஊருக்கு வந்தால், கண்மாய்க்கரையிலேயே காரை நிறுத்திக் கைப்பேசியில் என்னை அழைப்பார். “மாப்ள, வெள்ளக் காருதேன். உள்ள நாலு பேரு. வரலாமா, இல்ல இப்படியே திரும்பட்டுமா?”

நான் வாய் திறக்குமுன் கைப்பேசியைப் பிடுங்கி அவர் மகள் சொல்வாள்: “வாங்கய்யா. டயரு மட்டும் பத்திரம்!”