பாபா போயிட்டார்

தூறலுக்குப் பயந்து ஏரிக்கரையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து மாடியேறிய குருபிரசாத், தன் ஃபிளாட் வாசலில் சடன் பிரேக் போட்டார்.

வாசல் நிறையச் செருப்புகள்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். ஹால் சுவரில் அவருடைய போட்டோ. அதில் வெள்ளை ரஜனிகந்தா மாலை, நம்மூர்ச் சம்பங்கி.

"நல்ல மனுஷன்," என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "வாய்தான் கொஞ்சம் நீளம்."

கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். வலித்தது. அவசரமாக மருமகள் சுப்ரியாவுக்குப் போன் போட்டார். ஹாலில் கிடந்த போனை எடுத்தது சாவித்திரி மாமி.

"நான்தான் குருபிரசாத். யாரு போயிட்டா?"

"ஐயோ! அவரே பேசறார்! யாரு போயிட்டான்னு கேக்கறார்!"

போன் விழுந்தது. உள்ளே ராமநாமம் இரண்டு கட்டை ஏறியது.

சாவித்திரி மாமியின் கணவர் சீதாராமன்தான் லேக் கார்டன்ஸ் பஜனை சமாஜத்தின் செயலாளர். "உங்க ரசத்துல முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம்டா" என்று மூன்று மாதம் முன்னால், பந்தியில் எல்லார் எதிரிலும் சொன்னார் குருபிரசாத். "பிடிக்கலேன்னா வராதே" என்றார் சீதாராமன். அன்றோடு சனிக்கிழமை பஜனையும் போச்சு, சாப்பாடும் போச்சு. டிவிக்கு எதிரில் தனியாக இரண்டு இட்லி. உடம்பு இளைத்தது, பிரஷர் ஏறியது.

"நாலு பேரோட பாடி, நாலு பேரோட சாப்பிட்டிருந்தீங்க, நல்லா இருந்தீங்க. அதுக்குப் பதிலா எழுதித் தர என்கிட்ட மாத்திரை இல்லை," என்றார் டாக்டர்.

"அவன் வந்து கூப்பிடட்டும்," என்றார் குருபிரசாத்.

இப்போது பின்பக்க இரும்புச் சுழல்படி ஏறிச் சமையலறைக்குள் நுழைந்தார். மாமனாரை 'பாபா' என்று கூப்பிடும் வங்காளி மருமகள் சாவகாசமாக அப்பளம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"மாமி போன் பண்ணினாங்க, பாபா. 'மாமா இன்னிக்காவது பஜனைக்கு வருவாரா'ன்னு. 'பாபா போயிட்டார்'னு சொன்னேன்."

குருபிரசாத் தலையில் அடித்துக்கொண்டார். "வாக்கிங் போயிருக்கார்னு சொல்லணும்மா! வெறும் 'போயிட்டார்'னா போயே போயிட்டார்னு அர்த்தம். இத்தனை வருஷமா தமிழ் சொல்லித்தரேன்!"

"எப்ப வருவார்னு அழுதுண்டே கேட்டாங்க. ஏழு மணிக்குன்னேன்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி வரும்னு நினைச்சிருப்பா! உன் புருஷன் ஷ்யாம்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சே?"

"அவருக்கு மட்டும் சொல்லலை, பாபா. பயந்துடுவார்."

"நகரு, நான் போய்ச் சொல்றேன்."

"இருங்க," என்றாள் சுப்ரியா. "சீதாராமன் மாமா அழறார்."

குருபிரசாத்தின் கால்கள் தாமாக நின்றன. காதைத் தீட்டிக்கொண்டார்.

"ரசம் தண்ணின்னான்," சீதாராமன் குரல் கரகரத்தது. "தண்ணிதான்! அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான்தான் ரெண்டு குடம் ஊத்தினேன். அவன்கிட்ட ஒத்துண்டிருந்தா என் மானமா போயிருக்கும்? அவன் இல்லாம மூணு மாசமா எனக்குச் சோறே இறங்கலை..."

"ரெண்டு குடமா! அடப்பாவி!"

தன்னை மறந்து குருபிரசாத் ஹாலுக்குள் பாய்ந்தார்.

பக்கத்து ஃபிளாட் தாஸ்-தா சோபாவின் பின்னால் மறைந்தார். ஜால்ரா ஒன்று உருண்டு பால்கனி வரை போனது. சீதாராமன் மட்டும் நண்பனின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"உசிரோடவா இருக்கே?"

"உன் ரசத்தைக் குடிச்சும் இருக்கேன்டா."

அப்புறம் ஒரே அழுகை, சிரிப்பு, திட்டு. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று, பஜனைக்குச் சமைத்ததையெல்லாம் தூக்கு தூக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். "திருப்பி எடுத்துண்டு போறதாவது!" என்றார் மாமி. ஹாலிலேயே பந்தி விரிந்தது. தான் வாங்கிவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் தாஸ்-தா கழுத்தில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். குருபிரசாத் ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கினார். இந்தத் தடவை முகம் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை. கீழே சீதாராமன் கார் ஹாரன் அடித்தது. வேஷ்டியைச் சரிசெய்தபடி குருபிரசாத் திரும்பினார்.

"போயிட்டு வரேன்மா. கவனிச்சியா? 'வரேன்' கட்டாயம் சேர்த்துக்கணும். வெறுமனே 'போறேன்'னா அபசகுனம். இனிமேலாவது தப்பாச் சொல்லாதே."

சுப்ரியா அவர் கையில் குடையைக் கொடுத்தாள்.

"தெரியும், பாபா. பெங்காலியிலயும் கிளம்பறப்போ 'ஆஷ்சி'தான், 'வரேன்'தான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்க ஊர்ல யாரும் தெரியாமத் தப்பாச் சொல்ல மாட்டோம்."