எலும்பு கண்டக்டரின் இடது செருப்பு

மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், எலும்பு கண்டக்டர் நோய் கண்டுபிடிக்காத முழங்காலே கிடையாது. தொண்ணூறுகளில் நான் தினமும் ஆபீஸுக்குப் போய்வந்த பஸ் அவருடையது. நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை.

படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று பார்ப்பார். டிக்கெட்டைக் கிழிப்பதற்குள் வியாதியைச் சொல்லிவிடுவார். படித்ததெல்லாம் பஸ்ஸில்தான். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் தன் முடிவைச் சொல்வார். மாலையில் திரும்பும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்துத் திருத்திக்கொள்வார்.

ஒருநாள் மீன்கூடையோடு ஏறிய அக்கா, கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியாமல் தவித்தாள்.

"தோள் இறுகிப் போய்கீது. சக்கர கீதா உனுக்கு?"

"வலி தோள்ல கீது. நீ இன்னாத்துக்கு சக்கரய கேக்குற? டிக்கெட்ட குடுய்யா."

மாலையில் அவளே வந்து, "ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சக்கர ஏறிக் கெடக்குதாம்" என்றாள். திருக்கழுக்குன்றம் வரை எலும்பு கண்டக்டர் ஊதிய விசிலில் டிரைவர் இரண்டு தடவை காரணமில்லாமல் பஸ்ஸை நிறுத்தினார்.

எல்லோருக்கும் ஒரே உபதேசம்தான். "வலின்னா ரெண்டு நாள் பொறுத்துப் பாரு. மரத்துப் போச்சு, கால்ல பெலம் இல்லன்னா அன்னிக்கே ஓடு."

என்னையும் விடவில்லை. "எறங்கும்போது கம்பியப் புடிக்கிற சார். வலது முட்டிய டாக்டராண்ட காட்டிடு." நான் காட்டவில்லை.

அப்புறம் அவருடைய இடது செருப்பு விழ ஆரம்பித்தது. கூட்டத்தில் நகரும்போது கழன்று, படி வழியாக ரோட்டுக்குப் போய்விடும். பின்னால் வரும் பஸ்ஸில் அது தனியாக ஊர் வந்து சேரும். ஒருநாள் நானே எடுத்துக் கொடுத்தேன்.

"கழண்டது கூடவா தெரியல?"

"தெரில சார்."

பஸ்ஸே சிரித்தது. என் சத்தம்தான் அதிகம். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் டிக்கெட் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டால் செருப்பைக் காலோடு பிணைத்துக்கொண்டு வந்தார். அதற்கும் சிரித்தோம்.

ஒரு மழைக்காலக் காலையில் படியேற இடது காலைத் தூக்கினார். கால் வரவில்லை. முதுகில் நரம்பு வெகுநாளாக நசுங்கிக் கிடந்ததாம். ஆபரேஷன் செய்தும் நடை திரும்பவில்லை. முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர்.

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் கூடுவாஞ்சேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். சக்கர நாற்காலியில் இருந்தார்.

"செருப்பு உழ ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும் சார். காட்டினா பஸ்ஸ உட்டு எறக்கி டிப்போல ஒக்கார வச்சிருவாங்க. பஸ் இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

மன்னிப்பைக் கேட்காமலே எழுந்தேன். அவர் மேல் எனக்கு இத்தனை பிரியம் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. விடைபெற்று வாசற்படி இறங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"செவுத்தப் புடிச்சிகினு எறங்குற. இன்னும் காட்லியா சார்?"

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாலையில், டாக்டர் என்ன சொன்னார் என்று அவரிடம் சொல்வதற்காகக் கூடுவாஞ்சேரிக்கு மறுபடி ரயில் ஏறினேன்.