குருத்து ஈயின் பேரில் ஒரு புகார்

பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்க்கும் அருமை மைத்துனனுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். மலைச்சரிவில் போட்ட சாமைப் பயிர்தான் சௌக்கியமாக இல்லை. நீயும் உன் மனைவி மக்களும், நீ வளர்க்கும் பூச்சிகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் அக்கா பெட்டியைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "ரிட்டையர் ஆனதும் மலையில விவசாயம்னீங்க, வந்தேன். ரெண்டு வருஷமா ஒரு பிடி தானியம் பாக்கல. இந்தத் தடவையும் ஒண்ணும் விளையலேன்னா நான் இறங்கிப் போறேன். நீங்க பூச்சியோட குடும்பம் நடத்துங்க" என்கிறாள். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்டவன் நான். ஆனால் அவள் இறங்கிப் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி, மாப்பிள்ளை. அவளிடம் சொல்லிவிடாதே.

நடந்ததைக் கேள். "முதல் மழைக்கே விதைச்சிடுங்க சார், லேட்டானா குருத்து ஈக்கு விருந்து வெச்ச மாதிரி" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். மழை ஒழுங்காக மூன்று நாள் சேர்ந்து பெய்யட்டும் என்று நான் பதினெட்டு நாள் காத்திருந்தேன். பயிர் விரலளவு வந்ததும் ஈயும் வந்தது. புழு தண்டுக்குள் புகுந்து நடுக்குருத்தைத் தின்னும், பொறி வையுங்கள் என்று நீ எழுதினாய். மீன் தூளை நனைத்து டப்பாக்களில் தொங்கவிட்டேன். அந்த நாற்றத்துக்கு ஈ வந்ததோ இல்லையோ, சுற்றுவட்டாரத்துப் பூனைகள் அத்தனையும் வந்து பயிரில் புரண்டன. பூனையை விரட்ட நாய் வந்தது, நாயை விரட்ட நான் ஓடினேன். எல்லோருமாக மிதித்ததில் கால்வாசி போயிற்று.

அப்புறம் உன் அடுத்த கடிதம். "வாடின குருத்தை லேசா இழுத்துப் பாருங்க மச்சான், கையோட வந்தா குருத்து ஈ" என்று எழுதியிருந்தாய். பத்துச் செடியைப் பார்த்துவிட்டு விட நான் என்ன நேற்று வேலைக்கு வந்தவனா? ஒரு பயணியையும் விடாமல் சோதித்த கை இது. வாடினது, வாடாதது என்று பாரபட்சம் பார்க்கவில்லை. டிக்கெட் இல்லாதவன் முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? மேல் வரப்பில் ஆரம்பித்து ஐந்தே நாளில் கீழ் வரப்பு வரை ஒவ்வொரு செடியின் குருத்தையும் இழுத்தேன். அத்தனையும் கையோடு வந்துவிட்டன, மாப்பிள்ளை! அடம்பிடித்தவற்றைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன், அவையும் வந்தன. நூற்றுக்கு நூறு! இப்படியொரு தாக்குதலை உன் நிலையத்தில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரரோ நான் குவித்து வைத்த குருத்துகளைப் பார்த்து, "இந்த ஈ ரெண்டு கால்ல நடந்து வந்திருக்கும் போல சார்" என்கிறார். வயிற்றெரிச்சல். அதற்குப் பிறகு பத்து நாளாக நான் வயல் பக்கமே போகவில்லை.

ஆகவே நீ உடனே நிலையத்து முத்திரையோடு உன் அக்காவுக்கு எழுது. பயிர் போனதற்கு முழுப் பொறுப்பும் ஈதான், உன் வீட்டுக்காரர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார் என்று இரண்டு வரி போதும். ஈ மறுக்கப் போவதில்லை. இதைத் தபாலில் சேர்க்க உன் அக்காவிடமே கொடுக்கிறேன். நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன், பயப்படாதே.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, விவசாயம் தவிர வேறு எதிலாவது சிறந்து விளங்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
பூச்சியால் பாதிக்கப்பட்ட உன் மச்சான்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். பசை காயறதுக்குள்ள பிரிச்சுட்டேன். நீ பொய்க் கடுதாசி எதுவும் எழுத வேண்டாம். குருத்து போன செடியெல்லாம் அடியிலேர்ந்து மூணு நாலு தூர் வெடிச்சு, புதுக் குருத்தா விட்டு, வயலே தெரியாம மூடிக்கிட்டு நிக்குது. பக்கத்து நிலத்துக்காரரே வந்து வாயைப் பொளந்துட்டுப் போனார். இதை விட்டுட்டு நான் எங்கேயும் போறதா இல்ல. உன் மச்சான் இன்னும் பாக்கல, பாத்தா சரியா இருக்கான்னு திரும்ப ஒண்ணொண்ணா இழுப்பார். அதனால நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு அவரை ஏத்தி விடறேன். கதிர் முத்துற வரைக்கும் உன் வீட்டுல வெச்சுக்கோ. பூச்சிகளோட விளையாடட்டும், செடி கிட்ட மட்டும் விடாதே.